பி.சி.ஆர். ஜெல்லில் பாண்ட் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பி.சி.ஆர். என்பது டி.என்.ஏ.யின் ஒரு துண்டை மட்டும் குழாயில் பெருக்கும் முறை. பெருகிய துண்டு ஜெல்லில் ஒரு கோடாக, அதாவது பாண்டாகத் தெரியும். வரவேண்டிய இடத்தில் அந்தப் பாண்ட் இல்லை என்றதும் பலர் செய்வது இதுதான்: அனீலிங் வெப்பநிலையை (பிரைமர் எனும் குறுகிய டி.என்.ஏ. இழை இலக்கின் முனையில் ஒட்டும் சூட்டை) குறைத்து, மக்னீசியத்தைக் கூட்டி, டெம்ப்ளேட்டை (பெருக்கப் போடும் மாதிரி டி.என்.ஏ.யை) இரட்டிப்பாக்கி, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஓடவிடுவது. அப்படிச் செய்தால் பாண்ட் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டால் எது தடுத்தது என்றும் தெரியாது. கொழும்பிலிருந்து வரவழைத்த நொதியம் தீர்ந்து போவதுதான் மிச்சம்.

ஒரு ஓட்டத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதற்கு முன்னால் கொன்ட்ரோல்களை வாசியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் நான்கு விடயங்கள் இருக்க வேண்டும்: நீளம் தெரிந்த டி.என்.ஏ. துண்டுகள் கொண்ட அளவுகோலான லேடர், முன்பு நன்றாக வேலை செய்த டி.என்.ஏ. போட்ட பொசிட்டிவ் கொன்ட்ரோல், டி.என்.ஏ.க்குப் பதில் தண்ணீர் போட்ட நெகட்டிவ் கொன்ட்ரோல், உங்கள் மாதிரிகள். புதிதாகப் பிரித்தெடுத்த டி.என்.ஏ. என்றால் ஐந்தாவதாக, இழையம் எதுவும் போடாமல் அதே இரசாயனங்களை மட்டும் கடைசிப்படி வரை கொண்டுபோன வெற்றுக் குழாய் ஒன்றும் வேண்டும். கொன்ட்ரோல் இல்லாத ஜெல்லை வைத்துப் பிழை தேட முடியாது. அந்த ஓட்டத்தைக் கொன்ட்ரோலோடு திரும்பச் செய்வதுதான் குறுக்குவழி.

இலங்கையின் கிழக்கே வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் ஆய்வுச் செய்முறை செய்யும் மாணவருக்குப் பழக்கமான உதாரணம் ஒன்றையே நெடுகப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவியில் பிடித்த நண்டையும் இறாலையும் இனங்காண, இழைமணியின் சி.ஓ.1 மரபணுவைப் பெருக்குகிறோம். பிரைமர்கள் 1994இல் ஃபோல்மரும் சக ஆய்வாளரும் வெளியிட்ட எல்.சி.ஓ.1490, எச்.சி.ஓ.2198. விளைபொருள் பிரைமர்களோடு சேர்த்து ஏறக்குறைய 710 பேஸ் சோடி (டி.என்.ஏ. எழுத்துச் சோடி) நீளம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான கலவை

25 மைக்ரோலீட்டர் (இனி மை.லீ.) தாக்கம் ஒன்றுக்கு: பத்து மடங்கு பஃபர் 2.5 மை.லீ., 25 மில்லிமோலர் மக்னீசியம் குளோரைட்டு 1.5, ஒவ்வொன்றும் 10 மில்லிமோலர் உள்ள டி.என்.டி.பி. (டி.என்.ஏ.யைக் கட்டும் நான்கு எழுத்து மூலக்கூறுகள்) கலவை 0.5, 10 மைக்ரோமோலர் பிரைமர்கள் தலா 0.5, மை.லீ.க்கு 5 அலகுள்ள, டி.என்.ஏ.யை நீட்டும் டாக் நொதியம் 0.125, தண்ணீர் 18.375, டெம்ப்ளேட் 1 மை.லீ.

0.125 மை.லீ.யை எந்தப் பிப்பெட்டும் சரியாக அளக்காது. ஆகவே பத்துத் தாக்கம் வேண்டுமானால் பதினொன்றுக்குச் சேர்த்து ஒரே பொதுக்கலவை (மாஸ்டர் மிக்ஸ்) செய்யுங்கள்: பஃபர் 27.5, மக்னீசியம் 16.5, டி.என்.டி.பி. 5.5, பிரைமர்கள் தலா 5.5, டாக் 1.4, தண்ணீர் 202. மெதுவாகக் கலக்கி, குழாய்க்கு 24 மை.லீ. வீதம் பங்கிட்டு, கடைசியில் டெம்ப்ளேட் 1 மை.லீ. டாக் கிளிசரோலில் இருப்பதால் அடியில் போய்த் தங்கிவிடும். நாலைந்து தடவை பிப்பெட்டால் மேலும் கீழும் இழுத்துக் கலக்காவிட்டால் கடைசிக் குழாய்களுக்குத்தான் நொதியம் போய்ச் சேரும்.

பஃபரிலேயே மக்னீசியம் இருக்கிறதா என்று குழாயின் லேபிளைப் பாருங்கள். சிலவற்றில் 15 மில்லிமோலர் ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேல் நீங்களும் சேர்த்தால் 1.5க்குப் பதில் 3 மில்லிமோலர் ஆகிவிடும்.

ஓட்டம்: 94 பாகையில் 1 நிமிடம். பிறகு 94இல் 30 செக்கன், 45இல் 40 செக்கன், 72இல் 1 நிமிடம் என 5 சுற்று. அடுத்து 45ஐ 51 ஆக்கி 35 சுற்று. கடைசியில் 72இல் 5 நிமிடம். முதல் ஐந்து சுற்று தளர்வாக இருப்பதால் இனத்துக்கு இனம் சற்று மாறும் வரிசையிலும் பிரைமர் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் பிரைமரின் வரிசையே விளைபொருளின் முனையில் ஏறிவிடுவதால் 51 பாகையிலும் வழுவாது.

ஜெல்லில் எதுவுமே இல்லை, லேடரும் இல்லை

இது பி.சி.ஆர். பிழையே அல்ல. சாயம் போட மறந்திருக்கும். இல்லையேல் மின்முனைகள் மாறி, டி.என்.ஏ. குழிப்பக்கமாகவே வெளியேறியிருக்கும். கறுப்பு வயர் குழிகளின் பக்கம், சிவப்பு எதிர்ப்பக்கம். டி.என்.ஏ. எதிரேற்றமுள்ளது, சிவப்பை நோக்கி ஓடும். மீதித் தாக்கத்தைப் புது ஜெல்லில் ஏற்றுங்கள்.

பாண்டுகள் இருந்தும் சிரிப்பதுபோல் வளைந்திருந்தால் ஜெல் சூடாகியிருக்கிறது. மின்முனைகளுக்கு இடையே சென்ரிமீற்றருக்கு 5 வோல்ட்டுக்கு மேல் போகவேண்டாம். ஜெல்லை ஓட்டும் டி.பி.ஈ. பஃபரைக் கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தாலும் இதே கதிதான். உவர் ஏறிய நீர் மின்னோட்டத்தைக் கூட்டி ஜெல்லைச் சூடாக்கும். ஜெல்லுக்கும் காய்ச்சி வடித்த நீரே வேண்டும்.

லேடர் தெரிகிறது, பொசிட்டிவ் கொன்ட்ரோல் வரவில்லை

மாதிரியைத் தொட வேண்டாம். குறை கலவையிலோ இயந்திரத்திலோ இருக்கிறது. ஏதோவொன்றைப் போட மறந்ததுதான் மிக அடிக்கடி நடப்பது. பட்டியலை அச்சிட்டு, போடப்போட ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள். அதைச் செய்தும் வரவில்லையென்றால் டி.என்.டி.பி.யை முதலில் சந்தேகியுங்கள். டாக் 50 வீதக் கிளிசரோலில் இருப்பதால் மறை 20 பாகையிலும் உறையாது, சில மணித்தியாலச் சூட்டையும் தாங்கும். டி.என்.டி.பி. அப்படியல்ல. உறைந்து உருகும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துவிடும். வந்த அன்றே 50 மை.லீ. வீதம் சிறு குழாய்களில் பிரித்து வைத்தால் ஒரு குழாய் கெட்டாலும் மற்றவை தப்பும்.

அடுத்தது பிரைமரைக் கரைத்த விதம். உலர்ந்து வரும் பிரைமரின் தாளில் நனோமோல் அளவு இருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் வருவதுதான் 100 மைக்ரோமோலருக்குச் சேர்க்க வேண்டிய மை.லீ. 23.4 நனோமோல் என்றால் 234 மை.லீ. திறப்பதற்கு முன் குழாயை மையநீக்கியில் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். உலர்ந்த தூள் மூடியில் ஒட்டியிருந்து, திறந்ததும் பறந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே திறந்தால் கேட்கவே வேண்டாம். அதில் 10 மை.லீ. எடுத்து 90 மை.லீ. தண்ணீரில் கலந்தால் பாவனைக்குரிய 10 மைக்ரோமோலர். சிலர் 100 மைக்ரோமோலர் மூலக்கரைசலையே நேராகப் போட்டுவிடுவார்கள். அப்போது பாண்ட் மறைந்து, கீழே தடித்த பிரைமர் டைமர் (பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உண்டாகும் துண்டு) மட்டும் தெரியும்.

பொசிட்டிவ் வந்தது, மாதிரி மட்டும் வரவில்லை

எங்கள் பிரதேசத்தில் மிக அதிகமாகக் காணும் அறிகுறி இதுதான். டி.என்.ஏ. இல்லை, டி.என்.ஏ. இருந்தும் ஏதோ தடுக்கிறது, பிரைமர் அந்த இனத்தில் ஒட்டவில்லை ஆகிய மூன்றில் ஒன்று. தடுப்பானா இல்லையா என்று பிரித்தறிய ஒரேயொரு சோதனை போதும்.

இரண்டு குழாய் எடுங்கள். ஒன்றில் பொசிட்டிவ் டி.என்.ஏ. 1 மை.லீ.யோடு தண்ணீர் 1 மை.லீ. மற்றதில் அதே பொசிட்டிவ் டி.என்.ஏ. 1 மை.லீ.யோடு வராத மாதிரி 1 மை.லீ. இரண்டிலும் பாண்ட் வந்தால் மாதிரியில் தடுப்பான் இல்லை. ஒன்றில் டி.என்.ஏ. இல்லை, அல்லது பிரைமர் பொருந்தவில்லை. முதலாவதில் வந்து இரண்டாவதில் வராவிட்டால் மாதிரி நொதியத்தைத் தடுக்கிறது. இரண்டு குழாயின் செலவை மிச்சம் பிடிக்கப்போய் இதைத் தவிர்ப்பவர்கள் மாதக்கணக்கில் வெப்பநிலையை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

தடுப்பான் என்று தெரிந்தால் முதல் மருந்து ஐதாக்கல். டெம்ப்ளேட்டைப் பத்து மடங்காகவும் நூறு மடங்காகவும் ஐதாக்கி மூன்றையும் பக்கம் பக்கமாக ஓடவிடுங்கள். ஐதாக்கினால் டி.என்.ஏ.யும் குறையும்தான். ஆனால் பி.சி.ஆர்.க்குச் சில நூறு பிரதிகளே போதும், தடுப்பானோ ஓர் எல்லைக்குக் கீழே போனதும் அடங்கிவிடும். அதற்கும் அசையாவிட்டால் போவைன் சீரம் அல்புமினை மை.லீ.க்கு 0.2 முதல் 0.4 மைக்ரோகிராம் வரை சேருங்கள். பீனோல் பொருட்களையும் ஹியூமிக் அமிலத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

தடுப்பான் எங்கிருந்து வருகிறது என்பது நீங்கள் எதை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

இறாலில் தலையை முழுதாக அரைக்க வேண்டாம். கண்ணில் பி.சி.ஆர்.ஐத் தடுக்கும் பொருள் உண்டு. தலைக்குள் இருக்கும் ஈரல்கணையத்தில் டி.என்.ஏ.யை அரிக்கும் நொதியங்கள் நிறைந்திருக்கும். வயிற்றுப் பக்கத்து நீந்துகால் ஒன்றே போதும். நண்டில் காலின் தசை, 20 மில்லிகிராம், அதாவது ஒரு சோற்றுப் பருக்கையளவு. இதைவிடக் கூட எடுத்தால் நல்லது என்று நினைப்பது தவறு. அளவு மீறினால் புரதமும் பல்சக்கரைட்டும் கூடத்தான் வரும்.

செலெக்ஸ் (உலோக அயன்களைப் பிடிக்கும் பிசின் மணிகள்) முறையில் டி.என்.ஏ. பிரித்தவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. 95 பாகையில் பத்து நிமிடம் வைத்தபின் சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். பிப்பெட் நுனியில் அந்த வெள்ளை மணி ஒன்று ஏறிவிட்டாலும் அது மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், தாக்கம் படுத்துவிடும். சேமித்து வைத்த குழாயை மறுநாள் எடுக்கும்போது மறுபடி சுழற்றாமல் தொடவே வேண்டாம்.

மக்னீசியம் எவ்வளவு இறுக்கமான கணக்கு என்று பாருங்கள். 1.5 மில்லிமோலர் போடுகிறீர்கள். நான்கு டி.என்.டி.பி.யும் சேர்ந்து 0.8 மில்லிமோலர். ஒவ்வொன்றும் ஒரு மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்கிறது. நொதியத்துக்கு மிஞ்சுவது 0.7. டி.என்.ஏ.யைக் கரைத்து வைக்கும் சாதாரண டி.ஈ. பஃபரில், மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. 1 மில்லிமோலர். அதில் கரைத்த டெம்ப்ளேட்டை 5 மை.லீ. போட்டால் தாக்கத்தில் 0.2 மில்லிமோலர் ஈ.டி.டி.ஏ. மிஞ்சியிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட அங்கேயே போய்விட்டது. டி.என்.ஏ. குறைவென்று நினைத்து டெம்ப்ளேட்டைக் கூட்டக்கூட பாண்ட் மங்குவதன் இரகசியம் இதுதான். ஈ.டி.டி.ஏ. 0.1 மில்லிமோலர் மட்டும் உள்ள டி.ஈ.யில் கரைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கண்டல் இலைகளில் பொலிபீனோல் மிக அதிகம். அரைத்த கரைசல் கபில நிறமானால் அது டி.என்.ஏ.யோடு ஒட்டிவிட்டதென்று அர்த்தம். பிறகு கழுவிப் பயனில்லை. இலையிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் சி.டி.ஏ.பி. பஃபரில், பொலிபீனோலைப் பிடிக்கும் பி.வி.பி. 2 வீதமும் பீற்றா மேர்கப்டோ எதனோல் 0.2 வீதமும் அரைப்பதற்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். முற்றிய இலையை விட்டுக் கொழுந்தை எடுங்கள். அம்பாறை வயல் மண்ணில் ஹியூமிக் அமிலம். தேயிலைச் சாயம் போன்ற நிறம் தெரிந்தாலே நூறு மடங்கு ஐதாக்கலிலிருந்து தொடங்கலாம்.

நிறமாலைமானியில் (எண்கள் நனோமீற்றரில் ஒளியின் அலைநீளம்) உறிஞ்சலின் 260/280 விகிதம் 1.8, 260/230 விகிதம் 2.0க்கு மேல் இருந்தால் நல்லது. இரண்டாவது 1க்குக் கீழே போனால் உப்போ பீனோலோ மிஞ்சியிருக்கிறது. கழுவிய எதனோல் மிஞ்சினாலும் தாக்கம் தடைப்படும், அது மணக்கிறதா என்றும் பாருங்கள். மாரி காலத்து ஈரக்காற்றில், மூடி திறந்து வைத்த குழாய் பத்து நிமிடத்தில் காய்வதில்லை. 37 பாகைச் சூட்டுக் கட்டையில் வைத்து உலர்த்துங்கள்.

தடுப்பான் இல்லை, அளவீட்டில் டி.என்.ஏ.யும் போதிய அளவு இருக்கிறது என்றால் மிஞ்சுவது இரண்டு. சந்தையில் வாங்கிய கருவாடு என்றால், உப்பிலும் வெயிலிலும் டி.என்.ஏ. துண்டு துண்டாகியிருக்கும். 710 நீளம் முழுதாகக் கிடைக்காது. 150 முதல் 250 பேஸ் சோடி தரும் பிரைமர் சோடிக்கு மாறுங்கள். போர்மலினில் கிடந்த மாதிரியும் அப்படித்தான். புது மாதிரி கிடைக்குமென்றால் கல்முனைக்கோ வாழைச்சேனைக்கோ மறுபடி போய் 95 வீத எதனோலில் போட்டு வருவது ஆகக் குறைந்த செலவு. இழையத்தைப்போல் ஐந்து மடங்கு எதனோல், மறுநாள் ஒரு தடவை மாற்ற வேண்டும். இரண்டாவது, பிரைமர் அந்த இனத்தில் பொருந்தவில்லை. அதற்கு அனீலிங்கை 45க்கு இறக்கிப் பாருங்கள். ஃபோல்மரின் மூல முறையே 40 பாகையில்தான் ஓடியது.

100 பேஸ் சோடிக்குக் கீழே மங்கலாக ஒரு பாண்ட்

இது பிரைமர் டைமர். இரண்டு பிரைமரும் ஒன்றோடொன்று ஒட்டி, டாக் அதையே நீட்டிவிடுகிறது. நெகட்டிவ் கொன்ட்ரோலிலும் இருக்கும். மாதிரியில் சரியான பாண்ட் பலமாக இருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம். பாண்ட் இல்லாமல் டைமர் மட்டும் இருந்தால், பிரைமர்களுக்கு ஒட்ட வேறு இடம் கிடைக்கவில்லை என்பதே செய்தி: பிழை டெம்ப்ளேட்டில் அல்லது பிரைமரின் வடிவில்.

டி.என்.ஏ. இழையின் தொடக்க முனை 5', முடிவு முனை 3' எனப்படும். பிரைமரை நீங்களே வடிவமைத்திருந்தால் 3' முனையைப் பாருங்கள். நொதியம் நீட்டத் தொடங்குவது அங்கிருந்துதான். 5' முனையில் நாலு எழுத்துப் பொருந்தாவிட்டாலும் சமாளிக்கும், 3' முனையில் கடைசி எழுத்துப் பிழைத்தால் தாக்கமே நின்றுவிடலாம். முனை ‘ஜி ஜி சி சி’ என்று முடிந்தால் அதே பிரைமரின் இன்னொரு மூலக்கூறோடு நாலு எழுத்தும் பொருந்தும், டைமர் உறுதி. கடைசி எழுத்து ஜி அல்லது சி ஆக இருப்பது நல்லது. ஆனால் கடைசி ஐந்தில் மூன்றுக்கு மேல் ஜி, சி வேண்டாம்.

நீளம் 18 முதல் 25 வரை, ஜி, சி வீதம் 40 முதல் 60 வரை, இரு பிரைமரின் உருகுநிலைக்கும் இடையே 3 பாகைக்கு மேல் வித்தியாசம் இல்லாமல். உருகுநிலையைக் கையால் கணிக்க: 64.9 + 41 × (ஜி, சி மொத்தம் − 16.4) ÷ நீளம். எல்.சி.ஓ.வில் 25 எழுத்து, ஜி, சி 8. விடை 51.1. எச்.சி.ஓ.வில் 26 எழுத்து, ஜி, சி 9. விடை 53.2. அனீலிங்கை இரண்டில் குறைந்த உருகுநிலையைவிட 3 முதல் 5 பாகை குறைவாகத் தொடங்குவது வழக்கம். எல்.சி.ஓ.வின் ஜி, சி வீதம் 32 மட்டுமே, விதிக்கு வெளியே. ஆனாலும் உலகம் முழுக்க வேலை செய்கிறது. விதிகள் நல்ல தொடக்கம்தான், ஜெல்லே தீர்ப்பு.

முதல் தடவை வடிவமைப்பவர்கள் மிகவும் இடறும் இடம் பின்பக்கப் பிரைமர். இலக்கின் முடிவு, 5'இலிருந்து 3'க்கு, ஜி ஏ டி டி சி ஜி சி ஏ என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே ஓடர் செய்தால் முன்பக்கப் பிரைமரின் திசையிலேயே இதுவும் ஓடும், விளைபொருள் இராது. தலைகீழாக மட்டும் எழுதினால் ஏ சி ஜி சி டி டி ஏ ஜி, எங்கும் ஒட்டாது. சோடியை மட்டும் மாற்றினால் சி டி ஏ ஏ ஜி சி ஜி டி, அதுவும் ஒட்டாது. முதலில் தலைகீழாக்கி, பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் சோடி எழுத வேண்டும்: டி ஜி சி ஜி ஏ ஏ டி சி. இதுதான் சரி. பணம் அனுப்புவதற்கு முன் இரு பிரைமரையும் பிளாஸ்ட் தேடலில் (டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிடும் இணையக் கருவி) போட்டுப் பாருங்கள். ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டும்.

வடிவம் சரி, டைமர் மட்டும் போகவில்லை என்றால் பிரைமரை 0.2 மைக்ரோமோலரிலிருந்து 0.1க்குக் குறையுங்கள். சூடும் ஒரு காரணம். அறையில் 31 பாகை இருக்கும்போது மேசையில் வைத்துக் கலந்தால் சாதாரண டாக் அப்போதே மெதுவாக வேலையைத் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் ஐஸில் கலக்குங்கள். இயந்திரக் கட்டை 94 பாகையைத் தொட்ட பிறகு குழாய்களை ஐஸிலிருந்து நேராக அதில் வையுங்கள். சூடேறிய பின்பே வேலை செய்யும் ஹொட் ஸ்டார்ட் நொதியம் வாங்க முடிந்தால் இந்தப் பாடே இல்லை.

சரியான பாண்டோடு வேறு பாண்டுகளும், அல்லது நீண்ட ஸ்மியர் (பாண்டாகாமல் இழுபட்ட ஒளிப்பட்டை)

பல பாண்டுகள் என்றால் பிரைமர் கண்ட இடத்திலும் ஒட்டுகிறது. அனீலிங்கை 2 பாகை வீதம் கூட்டுங்கள். இயந்திரத்தில் குழாய்க்குக் குழாய் வெவ்வேறு வெப்பநிலை தரும் கிரேடியன்ட் வசதி இருந்தால் 48 முதல் 60 வரை ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். அடுத்து மக்னீசியத்தை 0.25 மில்லிமோலர் படிகளாகக் குறையுங்கள்.

ஒரு நல்ல சோதனை: முன்பக்கப் பிரைமர் மட்டும் ஒரு குழாயில், பின்பக்கம் மட்டும் இன்னொன்றில். தனியாகப் போட்டும் ஒரு பாண்ட் வந்தால் அந்தப் பிரைமர் இரு பக்கமும் தானே ஒட்டுகிறது. அந்தப் பாண்டை வெப்பநிலையால் துரத்துவது கஷ்டம், பிரைமரை மாற்றுவதே வழி.

ஸ்மியருக்குக் காரணம் பெரும்பாலும் டெம்ப்ளேட் அளவு மீறியது. குழியிலேயே பளிச்சென்று ஒளி தங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். 25 மை.லீ.க்கு 10 முதல் 50 நனோகிராம் போதும். சுற்றுகள் 40க்கு மேல் போனாலும் ஸ்மியர் வரும்.

ஜி, சி நிறைந்த இலக்குகள், உதாரணமாக மண்ணின் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பக்டீரியாக்கள், 94 பாகையிலும் முழுதாகத் திறவாமல் மங்கலாகவே வரும். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானை 5 வீதம் சேருங்கள். உருகுநிலை 3 பாகையளவில் இறங்கும், அனீலிங்கையும் அதற்கேற்பக் குறையுங்கள். 10 வீதத்துக்குப் போனால் டாக்கே பாதி முடங்கிவிடும்.

நெகட்டிவ் கொன்ட்ரோலில் சரியான அளவில் பாண்ட்

அந்த ஓட்டத்தின் எந்த மாதிரியையும் நம்ப வேண்டாம். மாதிரியின் பாண்ட் பிரகாசமாக, நெகட்டிவ் மங்கலாக இருந்தாலும்கூட.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரு குழாயில் 500 நனோகிராம் விளைபொருள் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 700 நீளத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு மை.லீ.யில் ஏறக்குறைய 2,600 கோடி பிரதிகள். மூடியைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் தெறிக்கும் மை.லீ.யின் ஆயிரத்தில் ஒரு பங்கில்கூட 2.6 கோடி. அது பிப்பெட்டின் தண்டில், கையுறையில், மேசையில் படிந்திருக்கும். மின்சாரம் நின்ற புழுக்கத்தில் யன்னலைத் திறந்து வைத்தால் கச்சான் காற்று அதை அறை முழுக்கப் பரப்பும். கலவை செய்யும் மேசைக்கு மேலே மின்விசிறி சுழலவே கூடாது.

எங்கே தொற்றியது என்று பிடிக்க: புதுத் தண்ணீர், புது பஃபர், புது பிரைமர், புது டி.என்.டி.பி. என ஒவ்வொன்றாக மாற்றி நெகட்டிவ் குழாய்களை மட்டும் ஓடவிடலாம். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்தான், அதைத்தான் எல்லாரும் தொடுகிறார்கள். பழையதையெல்லாம் மொத்தமாக எறிந்துவிட்டுப் புதிய சிறு குழாய்களோடு தொடங்குவது சில வேளை இதைவிட மலிவு. மேசையையும் பிப்பெட்டின் வெளிப்புறத்தையும் பத்துக்கு ஒன்றாக ஐதாக்கிய வீட்டு பிளீச்சால் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, தண்ணீரால் துடையுங்கள். 70 வீத எதனோல் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.யை அழிக்காது.

இரண்டு அறை இல்லாத இடத்தில் நேரத்தைப் பிரியுங்கள். காலையில் கலவை, பின்னேரம் ஜெல். ஜெல் பக்கம் போனவர் அன்று திரும்பக் கலவை மேசைக்கு வரக்கூடாது. பிப்பெட் செட் இரண்டு வேண்டும். ஜெல் பிப்பெட்டில் சிவப்பு டேப் ஒட்டுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பக்டீரியாவின் 16 எஸ் மரபணுவைப் பெருக்கும்போது நெகட்டிவில் மங்கலான பாண்ட் வந்தால் அது நொதியத்தோடே வந்ததாக இருக்கலாம். டாக் பக்டீரியாவில் உற்பத்தியாவது, அதன் டி.என்.ஏ. கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சுற்றுகளை 35இலிருந்து 28க்கு இறக்கினால் அது மறைந்து மாதிரி நிற்கும்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை

இடையில் என்ன மாறியது என்று எழுதிப் பாருங்கள்: புதுப் பெட்டி இரசாயனம், புதுத் தண்ணீர், வேறொருவர் கை, மின்தடை.

இரவு மின்சாரம் நின்றதா என்று தெரிந்துகொள்ள மலிவான வழி உண்டு. ஒரு சிறு போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து பிரிசரில் விடுங்கள். காலையில் நாணயம் அடியில் போய் உறைந்திருந்தால் உள்ளே எல்லாமே ஒருதடவை உருகியிருக்கிறது. தானே பனி உருக்கும் பிரிசர் மின்தடை இல்லாமலே சூடேறி இறங்கும். நொதியத்துக்கு அது ஆகாது. குளிர்க்கட்டைக்குள் வைத்தே சேமியுங்கள். ஐஸ் பைகளை வெறும் தண்ணீரில் அல்லாமல் உப்புக் கரைத்த நீரில் நிரப்பினால் அவை பூச்சியத்துக்குக் கீழேயே உருகும், குளிர் நீடிக்கும்.

இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வரும் ரெஜிபோம் பெட்டியைத் திறந்ததும் ஐஸ் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துத் திகதியோடு எழுதி வையுங்கள். உருகித் தண்ணீராக இருந்தால், பழைய டி.என்.டி.பி.யோடு பக்கம் பக்கமாக ஒரு பொசிட்டிவ் ஓட்டிப் பார்த்துவிட்டு மாதிரிக்குப் போங்கள்.

ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போய்விட்டதா? எத்தனையாவது சுற்றில் நின்றது என்று இயந்திரம் காட்டினால், முதல் பத்துக்குள் என்றால் புதிதாகத் தொடங்குவது நல்லது. இருபதைத் தாண்டியிருந்தால் மீதிச் சுற்றுகளை மட்டும் ஓட்டி ஜெல்லில் பாருங்கள். இனங்காண அது போதும். எல்லாவற்றையும் முதலிலிருந்து 35 சுற்று ஓட்டாதீர்கள். 95 பாகையில் டாக்கின் செயற்பாடு ஏறக்குறைய 40 நிமிடத்தில் பாதியாகிவிடும். யூ.பி.எஸ். வாங்குவதென்றால் கணினிக்கு விற்கும் சின்னது காணாது. இயந்திரத்தின் பின்பக்கத் தகட்டில் உள்ள வோட்டைப் பார்த்து அதற்கு மேலானதை எடுங்கள். முடிந்தபின் இரவு முழுக்க 4 பாகையில் நிறுத்தி வைக்க வேண்டாம், 12 போதும். இந்தச் சூட்டில் 4க்கு இழுத்துப் பிடித்தால் கட்டையின் ஆயுள்தான் குறையும்.

ஓரத்துக் குழாய்கள் மட்டும் வராவிட்டால் அளவைப் பாருங்கள். 25 போட்டது 18 ஆகியிருந்தால் மூடி இறுகவில்லை, ஆவியாகி உப்புச் செறிவு கூடிவிட்டது. சூட்டு மூடி 105 பாகையில் இருக்க வேண்டும். மூடி பழுதென்றால் மேலே 25 மை.லீ. மினரல் ஒயில் விட்டு ஓட்டலாம்.

ஜெல்லில் ஒரே பாண்ட், சீக்குவென்ஸில் குழப்பம்

பாண்டின் எழுத்து வரிசையை வாசித்துத் தரும் வரைபடத்தில் (சீக்குவென்ஸில்) முதல் எழுத்திலிருந்தே இரட்டைச் சிகரங்கள் என்றால் இரண்டு டெம்ப்ளேட் கலந்திருக்கின்றன, அல்லது சுத்திகரிக்காமல் அனுப்பியதால் மிஞ்சிய இரு பிரைமரும் சேர்ந்து ஓடியிருக்கின்றன. மிஞ்சிய பிரைமரை அரிக்கும் எக்சோநியூக்கிளியேஸ் நொதியத்தால் சுத்திகரிப்புச் செய்து, 37 பாகையில் 15 நிமிடம், 80இல் 15 நிமிடம் வைத்து, மறுபடி அனுப்புங்கள். ஓரளவு தெளிவாக வந்து நடுவில் இருந்து குழம்பினால் எதிர்ப்பக்கப் பிரைமரால் வாசிக்கச் சொல்லுங்கள்.

நண்டிலும் இறாலிலும் இன்னொன்று நடக்கும். இழைமணி மரபணுவின் பழைய பிரதிகள் கருவின் நிறமூர்த்தத்தில் ஒட்டிக் கிடக்கும், பிரைமர் அவற்றையும் பெருக்கிவிடும். சி.ஓ.1 வரிசையை முதுகெலும்பில்லா விலங்குகளின் இழைமணிக் குறியீட்டு அட்டவணை வைத்துப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் கோடன் (புரதத்தை முடிக்கும் மூவெழுத்து) வந்தாலோ, நீளம் மூன்றால் வகுபடாத இடைச்செருகல் இருந்தாலோ அது உண்மையான மரபணு அல்ல. அந்த மாதிரிக்கு இழைமணி நிறைந்த கால் தசையிலிருந்து புதிதாக டி.என்.ஏ. எடுத்து, அனீலிங்கைக் கூட்டி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அதுவே வந்தால் இழைமணியின் 16 எஸ் மரபணுவுக்கான பிரைமர்களால் இனங்காண்பதே சரி.